கடற்கரைப் பிள்ளைகள் ஏன் இரண்டு மலை வரைகிறார்கள்?

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருக்கும் ஆசிரிய பயிலுநர்களுடையவை, அதிலும் சித்திரம் எடுப்பவர்கள்தான் கூட. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் போதாது. முதல் கடிதம் நீளமானது, பதிலும் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்தப் பத்தியை எழுதத் தொடங்கியதே இப்படி ஒரு கடிதம் ஒருநாள் வரும் என்ற எண்ணத்தில்தான்.

கேள்வி: நான் கல்வியியற் கல்லூரி மாணவி. கற்பித்தல் பயிற்சிக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கிடைத்தது, தரம் 4, இருபத்தேழு பிள்ளைகள். முதல் நாள் "விரும்பினதை வரையுங்க" என்று சொன்னேன். இருபத்துமூன்று பேர் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, பக்கத்தில் ஒரு தென்னை, ஒரு வீடு. மற்ற நாலு பேரும் தேசியக் கொடி. அடுத்த பாடத்தில் "உங்கட வீட்டை வரையுங்க" என்றேன். "டீச்சர், போர்ட்ல வரைஞ்சு காட்டுங்க" என்று எல்லாரும் கேட்டார்கள். வரைந்து காட்டினேன். எல்லாரும் அதை அப்படியே பார்த்து அழகாக வரைந்து தந்தார்கள். வகுப்பாசிரியை நல்ல பாடம் என்று பாராட்டினார். எனக்குத்தான் மனது சரியில்லை. ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் நான் வரைந்த வீட்டை வரைந்திருந்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: மகள், மனது சரியில்லை என்று எழுதினீர்களே, அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். பாராட்டு கிடைத்த பாடத்தைப் பற்றி மனது சரியில்லாமல் போவது பயிற்சிக் காலத்தில் எல்லாருக்கும் வருவதில்லை. எனக்கு வரவில்லை. அதனால் முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

நானும் படுவான்கரையில்தான் தொடங்கினேன். மண்முனைப் பாலம் 2014இல் தான் திறந்தார்கள், அதற்கு முன் அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் பாதையில்தான் ஏற வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் எங்கள் ஊரில் தெரு இல்லை, ஆட்களையும் சைக்கிளையும் சாமான்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவை. காலையில் அதில் நின்றுகொண்டு பாடக்குறிப்பைத் திருப்பிப் பார்ப்பேன். ஒருநாள் "நான் கண்ட காட்சி" என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு பையன் அந்தப் பாதையை வரைந்திருந்தான். மேலே பறக்கிற நாரை பார்த்த மாதிரி, நீள்சதுரமாக. அதன் நாலு ஓரத்திலும் ஆட்கள், எல்லாரும் வெளிப்பக்கம் பார்த்துப் படுத்த மாதிரி, தலை தண்ணீர்ப் பக்கம், கால் பலகைப் பக்கம், பூவைச் சுற்றி இதழ் விரிந்த மாதிரி. நடுவில் ஒரு சைக்கிள், அது மட்டும் பக்கவாட்டில். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தம்பி, ஆக்கள் ஏன் படுத்துக் கிடக்கினம்? இப்படி வரும்" என்று சொல்லி அவன் தாளிலேயே என் பென்சிலால் திருத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தவணை முடியும்வரை எனக்கு இரண்டு மலையும் சூரியனும் மட்டும்தான் வரைந்து தந்தான்.

அவன் வரைந்தது பிழை இல்லை என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆஸ்திரியாவில் பிறந்து பிறகு அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர், பிள்ளைகளின் சித்திரம் வயதோடு எப்படி மாறுகிறது என்று 1947இல் விரிவாக எழுதினார். இரண்டு வயது தொடக்கம் நாலு வரை கிறுக்கல், பிறகு ஏழு வரை தலையிலிருந்து கால் முளைக்கும் மனிதர்கள், ஏழிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு பொருளுக்கும் பிள்ளை தனக்கென்று ஓர் அச்சு வைத்திருக்கும் காலம். தாளின் அடியில் ஒரு நிலக்கோடு வரும். வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி உள்ளே இருக்கிற எல்லாரையும் காட்டும், வாவித் தண்ணீருக்குள் மீன் தெரியும், கோழி வயிற்றுக்குள் முட்டை தெரியும். நாலு பக்கமும் மடித்து விரித்த மாதிரி ஆட்களை வரைவதும் இந்தக் காலத்துக்குரியதுதான். பாதையின் நாலு ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள் என்பதை ஒரே தாளில் சொல்ல அந்தப் பையனுக்குக் கிடைத்த வழி அது. அவன் யோசித்துக் கண்டுபிடித்ததை நான் அழித்துவிட்டேன்.

இனி உங்கள் வகுப்புக்கு வருகிறேன். தரம் 4 என்றால் ஒன்பது வயது. லோவன்ஃபெல்ட் சொல்கிற அடுத்த படி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, சரியாக அங்கேதான் தொடங்குகிறது. உண்மையில் இருப்பது போல வரைய வேண்டும் என்ற ஆசை இந்த வயதில் வரும், கை அதற்கு ஈடுகொடுக்காது, பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்க்கும், வெட்கம் வரும். அப்போது பிள்ளைக்குப் பிழைக்காத ஒரு படம் தேவைப்படுகிறது. இரண்டு மலை என்பது அதுதான். அண்ணனின் கொப்பியில் இருந்தது, அக்காவுக்கு அவளுடைய டீச்சர் போர்டில் போட்டுக் கொடுத்தது, யாரும் குறை சொன்னதில்லை. வாய்ப்பாடு ஒப்புவிப்பது போல அதை ஒப்புவிக்கிறார்கள். படுவான்கரையின் சில இடங்களில் நின்றால் தூரத்தில் குடும்பிமலைப் பக்கம் மலை தெரியும் என்பது உண்மை, ஆனால் கல்லடியில், களுவாஞ்சிகுடியில், திருக்கோவிலில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையும் இதே இரண்டு மலைக்கு நடுவில்தான் சூரியனை எழுப்புகிறது. விடிய வாசலுக்கு வந்தால் கடலிலிருந்து சூரியன் வருவதைக் காணும் பிள்ளை அது!

நம்முடைய ஊர்ப் பெயரிலேயே இது இருக்கிறது, கவனித்தீர்களா? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, சூரியன் எழுகிற கரை. மேற்கே படுவான்கரை, சூரியன் படுகிற கரை. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். இதை வைத்தே ஒரு பாடம் எடுக்கலாம். காலையில் முதல் பாடமாகக் கிடைத்தால் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், வேப்பமரத்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று காலால் கோடு போடச் சொல்லுங்கள், பள்ளி விடும் நேரம் திரும்பவும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வரைய வேண்டாம். அடுத்த பாடத்தில் சூரியனை எங்கே வைப்பது என்று அவர்களே தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள்.

"விரும்பினதை வரையுங்க" என்பது கேட்க நல்லதாக இருக்கும், பிள்ளைக்கு அது வெறும் கிணறு. "உங்கட வீட்டை வரையுங்க" என்பதும் அப்படித்தான், வீடு என்றவுடன் முக்கோணக் கூரை வந்துவிடும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். உங்கட வீட்டில் முதலில் எழும்புவது யார்? அவர் எழும்பி எங்கே போவார்? அப்போது அடுப்படியில் என்ன தெரியும்? கதவுக்குப் பக்கத்தில் என்ன சாத்தி வைத்திருக்கு? பத்து நிமிடம் வாயால் பேச விடுங்கள். ஒரு பிள்ளை மண்வெட்டி என்று சொல்லும், இன்னொன்று வள்ளத்து மரக்கோல் என்று சொல்லும், இன்னொன்று அப்பாவின் மோட்டார் சைக்கிளை இரவில் வீட்டுக்குள் ஏற்றிவிடுவோம் என்று சொல்லும். சொன்னதை வரையச் சொல்லுங்கள். மண்வெட்டிக்கு யாரிடமும் ஆயத்த அச்சுக் கிடையாது, அதனால் பார்க்கத்தான் வேண்டிவரும்.

அப்புறம், உங்கள் பள்ளி முற்றம் மணல்தானே? அதைப் பாவியுங்கள். ஈர்க்காலும் விரலாலும் மணலில் வரைய விட்டால் பயம் போய்விடும், ஏனென்றால் பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் சரி. தாளில் அழிறப்பரால் அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கும் பிள்ளைதான் மணலில் ஆறு அடிக்கு முதலை வரையும். நான் பார்த்திருக்கிறேன்.

போர்டில் வரைந்து காட்டவே கூடாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். காட்டலாம், காட்ட வேண்டும். பஸ்டலைச் சரித்துப் பிடித்தால் எப்படிப் பரவும், மஞ்சளுக்கு மேல் நீலம் தேய்த்தால் என்ன வரும், தூரிகையில் தண்ணீர் கூடினால் என்ன ஆகும், இதெல்லாம் கையைப் பார்த்துத்தான் வரும், சொல்லிக் கொடுக்காமல் விடுவது பிள்ளையைக் கைவிடுவது. ஆனால் காட்டி முடிந்ததும் போர்டை அழித்துவிடுங்கள். கையின் வேலை அவர்கள் மனதில் நிற்கட்டும், உங்கள் வீடு கண்முன்னே நிற்க வேண்டாம்.

பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள், தெரியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம், முகம் வாடிவிடும். "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். அந்தப் பாதைப் பையனிடம் நான் அப்படிக் கேட்டிருந்தால் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், அந்தச் சைக்கிள் யாருடையது என்று முழுக்கதையும் சொல்லியிருப்பான். உங்கள் பென்சில் பிள்ளையின் தாளில் படவே கூடாது. காட்ட வேண்டியிருந்தால் வேறு தாளில் காட்டுங்கள்.

உங்கள் வகுப்பாசிரியை பாராட்டினார் என்று அவரோடு கோபிக்க வேண்டாம். இருபத்தேழு பிள்ளையும் சத்தமில்லாமல் ஒரே மாதிரி அழகாக முடித்தால் நல்ல பாடம் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகளின் படங்களை அவரிடமே காட்டி, எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஊர் அவருக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல உங்களுக்கு அடுத்த பாடத்துக்கு விஷயம் கிடைக்கும்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. மாட்டுக்குப் பச்சை நிறம் தீட்டினான் என்று டீச்சர் பிழை போட்டுவிட்டார். நானும் மாடு பச்சையா என்று கேட்டுவிட்டேன். இப்போது பஸ்டலையே தொடுகிறானில்லை. (தாய் ஒருவர், கல்முனை)

பதில்: ஏழு வயதில் நிறத்தை ஆசைக்குத் தீட்டுவார்கள், பிடித்த நிறம் பிடித்த பொருளுக்குப் போகும். அவனுக்கு அந்த மாட்டைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தங்கச்சி, நீங்கள் அவன் பக்கத்தில் இருந்து ஒரு ஊதா மாடு தீட்டுங்கள், ஒன்றும் விளக்க வேண்டாம். டீச்சரிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், ஆனால் சித்திரக் கொப்பியில் பிழைக் குறி போட வேண்டாம் என்று தன்மையாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

கேள்வி: எங்கள் பள்ளியில் தரம் 5இல் முப்பத்தாறு பிள்ளைகள், பதினொரு பேரிடம்தான் பஸ்டல் பெட்டி இருக்கிறது. மற்றவர்கள் கடன் கேட்டுக் கேட்டே பாடம் முடிந்துவிடுகிறது. என் கைக்காசில் வாங்கிக் கொடுத்துக் கட்டாது. (ஆசிரிய பயிலுநர், அம்பாறை மாவட்டம்)

பதில்: தம்பி, கைக்காசைத் தொடாதீர்கள், பயிற்சிக் கொடுப்பனவில் சாப்பிடுகிற பிள்ளை நீங்கள். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனது நினைவிருக்கும். அந்த வருடம் சித்திரப் பாடம் நின்றுபோகாமல் நடத்தியவர்களிடம் கேட்டால் நிறைய வழி சொல்வார்கள், நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதினொரு பெட்டியை யாருடையது என்றே தெரியாதபடி செய்யுங்கள். பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, நிறம் நிறமாகப் பிரித்துச் சிரட்டைகளில் போட்டு மேசைக்கு ஒரு தொகுதி வையுங்கள். உடைந்த துண்டுகள் எல்லாம் வரட்டும், துண்டுப் பஸ்டலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் வரும் நிறப்பரப்பு முழுப் பஸ்டலில் வராது. கடன் கேட்பது ஒருநாளில் நின்றுவிடும்.

நிறத்துக்கு அடுப்படிக்குப் போங்கள். சிரட்டைக் கரி கறுப்பு. செங்கல் தூள் ஒரு சிவப்பு, செம்மண் இன்னொரு சிவப்பு, இரண்டையும் சலித்துக் கஞ்சித் தண்ணீரில் குழைத்தால் தாளில் ஒட்டி நிற்கும். மஞ்சள்தூளைக் கரைத்துத் தாள் முழுக்கத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரில் தொட்ட ஈர்க்கால் கோடு போடச் சொல்லுங்கள், மஞ்சள் அந்த இடத்தில் சிவப்பாக மாறும். குங்குமம் செய்வதும் இந்த வழியில்தானே. செவ்வரத்தம்பூவைக் கசக்கிச் சாறு எடுத்தால் ஒரு மங்கிய ஊதா வரும், அதில் தேசிக்காய்ப் புளி விட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சைக்குத் திரும்பும். சங்குப்பூ நீலத்துக்குத் தேசிக்காய் விட்டால் ஊதா. பிள்ளைகள் கத்துவார்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார், விஞ்ஞான டீச்சர் என்றால் உள்ளே வந்துவிடுவார். சுண்ணாம்பை மட்டும் நீங்களே கரைத்து மேல்தெளிவை எடுத்துக் கொடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து, சுண்ணாம்பைச் சிறுவர் கையில் விடக்கூடாது. பூச்சாறும் மஞ்சளும் வெயில் பட்டால் சீக்கிரம் மங்கும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்துச் சுவரைப் பார்த்து அழுவார்கள். மண்ணும் கரியும் அப்படி மங்காது.

தாளுக்குச் சீமெந்துப் பையின் உள்தாள். நன்றாக உதறித் துடைத்து வெட்டினால் பழுப்பு நிறத்தில் கனமான தாள் கிடைக்கும், வெள்ளைச் சோக்கும் கரியும் அதில் எழும்பித் தெரியும், வெள்ளைத் தாளில் வராத ஆழம் அதில் வரும். உதறும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்கு நல்லதில்லை. தூரிகைக்குத் தாழை விழுது. வெட்டி நுனியைக் கல்லில் வைத்துத் தட்டினால் நார் நாராகப் பிரியும், முன்னைய காலத்தில் வெள்ளையடித்ததே அதால்தான். மட்டக்களப்புக் கல்வியியற் கல்லூரி இருக்கிற தாழங்குடாவின் பெயரிலேயே தாழை நிற்கிறது, அங்கே படித்தவர்களுக்குத் தாழை தெரியாமல் இருக்காது.

கேள்வி: நான் தமிழ்ப் பிள்ளை, கற்பித்தல் பயிற்சிக்கு முஸ்லிம் பாடசாலை கிடைத்தது. "என் குடும்பம்" என்று வரையக் கொடுத்தேன். அடுத்த நாள் ஒரு வாப்பா வந்து, மகனை உருவம் வரைய வைக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வரைந்தார்கள், அவர்கள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வது? (ஆசிரிய பயிலுநர்)

பதில்: உருவம் வரைவது பற்றி முஸ்லிம் அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு, வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கும். அதில் எது சரி என்று பேசுவது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. அந்த வாப்பா பள்ளிக்கு வந்து உங்களிடம் நேரில் சொன்னாரே, அதை நல்லதாக எடுங்கள். அதிபரிடம் சொல்லுங்கள், அந்தப் பாடசாலையின் வழக்கம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளையைத் தனியே இருத்தி "நீ பூ வரை" என்று மட்டும் செய்துவிடாதீர்கள், அது தண்டனை மாதிரி இருக்கும். முழு வகுப்புக்கும் உருவம் தேவைப்படாத பாடங்களைக் கொஞ்ச நாள் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே அதிசயப்படுவீர்கள். கவராயத்தால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், கவராயத்தை மாற்றாமல் அதே அளவில் வட்டத்தின் விளிம்பில் குறித்துக்கொண்டே போனால் சரியாக ஆறு குறியில் தொடங்கின இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு குறியிலும் ஊசியை வைத்து வில் போட்டால் ஆறிதழ்ப் பூ. குறிகளை நேர்கோட்டால் இணைத்தால் அறுகோணம், ஒன்று விட்டு ஒன்று இணைத்தால் நட்சத்திரம். உலகம் முழுக்கப் பள்ளிவாசல் சுவர்களில் இருக்கிற பெரிய பெரிய கோலங்கள் பல இந்த ஒரு வட்டத்திலிருந்துதான் விரிகின்றன. நீங்கள் வாசலில் போடும் புள்ளிக் கோலத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறது, அதையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஆசையாகப் பார்ப்பார்கள்.

பிறகு வீட்டிலிருந்து ஒரு துணித்துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். மருதமுனை நெசவு பேர் போனது, பல வீட்டில் பழைய சாரனோ சேலையோ இருக்கும். கரையில் எந்த நிறக்கோடு எத்தனை இழை, எங்கே திரும்பி வருகிறது என்று எண்ணி எண்ணி வரையச் சொல்லுங்கள். பன்பாய் இருந்தால் இன்னும் நல்லது, பின்னல் மேலும் கீழுமாகப் போவதை வரைவது பெரியவர்களுக்கே சவால். "என் குடும்பம்" என்ற தலைப்பைக்கூட விட வேண்டியதில்லை: வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகள். எத்தனை சோடி, யாருடையது பெரிது, யாருடையது தேய்ந்தது, உம்மம்மாவின் செருப்பு எங்கே தனியாகக் கிடக்கிறது என்று ஒரு குடும்பம் முழுக்க அதில் வந்துவிடும். தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் பிள்ளைகளும் இதைச் செய்து பாருங்கள், நான் செய்த பாடங்களில் இதுதான் எனக்குப் பிடித்தது.

கேள்வி: ஒரு பிள்ளை எல்லாவற்றையும் கறுப்பில்தான் வரைகிறாள். உளவியல் பாடத்தில் படித்தது நினைவு வந்து பயமாக இருக்கிறது. தாய் வெளிநாட்டில் வேலை, அம்மம்மாவோடு இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். (ஆசிரிய பயிலுநர், வாழைச்சேனைப் பக்கம்)

பதில்: முதலில் அவளுடைய பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுப்பு மட்டும்தான் மிச்சம் இருக்கிறதோ தெரியாது. நான் ஒரு பிள்ளையைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டுப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. மற்ற நிறங்களைப் பக்கத்தில் வைத்து, எதையும் சொல்லாமல் இரண்டு மூன்று பாடம் பாருங்கள். ஒரு நிறத்தை வைத்து, ஒரு படத்தை வைத்து, பிள்ளையின் மனது இப்படித்தான் என்று நாங்கள் முடிவு கட்டக்கூடாது. அதற்கு நாங்கள் படிக்கவில்லை.

ஆனால் அருகில் இருக்கலாம். நம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வரையவும் களிமண் பிசையவும் கதை சொல்லவும் நடிக்கவும் இடம் கொடுத்தார்கள். கடல் வந்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நானும் சில பிள்ளைகளோடு தாளும் பஸ்டலும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கடலை வரை என்று யாரையும் கேட்கவில்லை. சிலர் உடனே வரைந்தார்கள், சிலர் மாதக்கணக்காகப் பூச்சாடிதான் வரைந்தார்கள், இரண்டையும் ஒரே மாதிரி வாங்கி வைத்தோம். அதைவிட வேறு எதையும் செய்ய எனக்குத் தெரியவில்லை, அது பிழையாகப் போகவும் இல்லை.

அந்தப் பிள்ளை ஒருநாள் படத்தைக் காட்டித் தானாகக் கதைக்கத் தொடங்கினால் கேளுங்கள், இடையில் ஆறுதல் சொல்லி நிறுத்த வேண்டாம். வீட்டில் பாதுகாப்பில்லை என்று தோன்றும்படி ஏதும் சொன்னால் உங்களோடு வைத்திருக்காமல் அன்றே அதிபரிடமும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள், வகுப்பில் மற்றவர்களிடம் பேசாதீர்கள். நீங்கள் இன்னும் சில வாரத்தில் போய்விடுவீர்கள் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தாய் போன பிள்ளை அது, சொல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: மகள் சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். எதிர்காலம் இருக்கா? (தகப்பன், தம்பிலுவில்)

பதில்: இருக்கு அண்ணா. உயர்தரத்திலும் சித்திரம் எடுக்கலாம், அதற்குப் பிறகு காரைதீவில் பிறந்த அடிகளாரின் பெயரில் கல்லடியில் இருக்கிறதே சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ், அங்கே கட்புலக் கலையில் பட்டம் படிக்கலாம். பஸ்ஸில் போகிற தூரம். கல்வியியற் கல்லூரி வழியும் உண்டு. ஆனால் அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று ஒருதரம் அவளிடமே கேளுங்கள், அவளுடைய கொப்பியைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், பிறகு பேசுங்கள்.

கேள்வி: மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர், நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் படத்தை முடிக்கவில்லை, அதனால் நோக்கம் அடையப்படவில்லை என்று எழுதிவிட்டார். (ஆசிரிய பயிலுநர், பெயர் வேண்டாம்)

பதில்: அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. "படத்தை முடிப்பார்" என்று பாடக்குறிப்பில் நீங்கள் எழுதியிருந்தால் அவர் அதைத்தான் பார்ப்பார். இனி "வாசலில் உள்ள ஒரு பொருளைக் கவனித்துக் கோட்டுருவம் வரைவார், நிறந்தீட்டல் அடுத்த பாடத்தில்" என்று எழுதுங்கள், இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஒரு குறிப்பு. நாற்பதில் தாள் கொடுக்க ஐந்து, கழுவித் துடைக்க ஏழு என்று கழித்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும், கழுவும் நேரத்தை எழுத எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். முடியாத படங்களை வாங்கி அலுமாரிக்குள் வைக்காதீர்கள். வகுப்பின் பின்பக்கம் ஒரு கயிறு கட்டி உடுப்புக் கொழுவும் கிளிப்பால் மாட்டி விடுங்கள். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் நின்று பார்ப்பார்கள், அடுத்த பாடத்துக்கு நீங்கள் போகும்போது பாதிப் பேர் எந்த நிறம் என்று முடிவெடுத்திருப்பார்கள். அடுத்த தரம் அந்த விரிவுரையாளர் வரும்போது அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போடுங்கள்.